ஒரு போனில் தீராத சண்டை

உ
சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள மகள் ஆத்தாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பச்சியும் நலம். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம்தானே?

நீ எழுதுகிற காதல் நாவலில் அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால் உனக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. அப்படியே பேசினாலும் ஐந்து நிமிஷத்தில் கதையை விட்டுவிட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்பதில் போய் நிற்போம். அதனால்தான் கடிதம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டொராண்டோ பனியில் அந்தப் பெண் பஸ்ஸுக்கு நிற்கிற இடம் நன்றாக வந்திருக்கிறது. கையுறையோடு போனைத் திறக்கப் பார்த்து, முடியாமல் பல்லால் உறையை இழுக்கிறாளே, அது நீ பட்டது என்று படிக்கிற யாருக்கும் தெரியும். அந்த மாதிரி இடங்களை விடாதே.

குறை என்னவென்றால், முதல் அத்தியாயத்தில் பார்க்கிறார்கள், இரண்டாவதில் பிடித்துப்போகிறது, மூன்றாவதில் அவன் வேறு ஒருத்தியோடு காபி குடிப்பதைப் பார்த்து இவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்த ஒருத்தி அவனுடைய சித்தப்பா மகள் என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ஒரு போன் போட்டால் தீர்ந்துபோகிற சண்டையை வைத்துக்கொண்டு இருநூறு பக்கம் ஓட்ட முடியாது ஆத்தா. ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வாசகி அதற்காகக் கோபப்படமாட்டாள். மூடி வைத்துவிட்டு மாவாட்டப் போய்விடுவாள், திரும்ப வரமாட்டாள்.

காதல் கதையில் இரண்டு பேரைச் சேர்த்து வைப்பது ஒரு வேலையே இல்லை. கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்பது அட்டைப் படத்தைப் பார்த்ததுமே எல்லோருக்கும் தெரியும். ஏன் இப்போதே சேர முடியாது என்பதற்கு நம்பும்படியான ஒரு காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் நம் பாடு. நான் எழுத உட்காருவதற்கு முன்னால் தேடுவது அதை மட்டும்தான். நாயகன் என்ன உயரம், கண் எப்படி, கார் என்ன நிறம் என்பதெல்லாம் அப்புறம்.

பங்குனியில் வழக்கம்போலக் கம்பன் விழாவுக்குப் போயிருந்தேன். சா. கணேசன் 1939-இல் ஆரம்பித்து வைத்தது, கடைசி நாள் நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் போய் முடியும். உன்னையும் சின்ன வயதில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன், நீ என் மடியில் தூங்கியிருக்கிறாய். இந்த வருஷம் மிதிலைக் காட்சி பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு உன் கதை ஞாபகம் வந்தது. வால்மீகியில் வில்லை ஒடிப்பதற்கு முன்னால் ராமனும் சீதையும் பார்த்துக்கொள்வதில்லை. கம்பன் முதலிலேயே அவளைக் கன்னிமாடத்தில் நிற்க வைத்து, இவனைத் தெருவில் நடக்க வைத்து, பார்க்க வைத்துவிட்டான். அந்த ஒரு மாற்றத்தால் என்ன ஆகிறது பார். அதுவரை ஜனகனிடம் கிடந்த ஒரு பழைய ஆயுதம், இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் கிடக்கிற தடையாகிவிடுகிறது. வேறு எவனாவது ஒடித்துவிட்டால்? அதோடும் விடவில்லை. ஒடித்த சேதியைத் தோழி நீலமாலை ஓடிவந்து சொல்லும்போது, ஒடித்தவன் தான் பார்த்தவன்தானா என்று சீதைக்கு நிச்சயமில்லை. தோழி சொல்லும் அடையாளத்தை வைத்து அவன்தான் என்று தேற்றிக்கொள்கிறாள். எங்களைப் போலத் தொடர் எழுதுகிறவர்கள் அத்தியாயத்தை எங்கே முடிப்பது என்று அங்கேதான் படிக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பெண்களுக்குத் தடையைத் தேட வேண்டியதே இல்லை, புருஷன் கப்பலேறிப் போய்விடுவான். என் அப்பத்தா காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போனவர்கள் மூன்று வருஷக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவார்கள். பெண்டுகளைக் கூட்டிப்போகிற வழக்கம் இல்லை. சங்கப் பாட்டில் பொருள்வயின் பிரிவு என்று ஒன்று வருமே, பொருள் தேடப் போன தலைவனும் வீட்டில் காத்திருக்கும் தலைவியும், அதை நம் ஊர் பேரேட்டில் ஏற்றி வைத்திருந்தது. பர்மாவை வைத்து நான் எழுதிய நாவலுக்காக நிறையப் படித்தேன். 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் கடனுக்கு ஈடாக நம் நகரத்தார் கைக்கு வந்துவிட்டிருந்தது. 1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டு வழியாக மணிப்பூருக்கு நடந்தே வந்தார்கள். நிலக் கணக்கை எல்லாம் ஒரு முழு அத்தியாயமாக எழுதி வைத்திருந்தேன், பிறகு மொத்தமாக எடுத்துவிட்டேன். காத்திருக்கிறவளுக்கு ஏக்கர் கணக்கு எதற்கு? தேதியும் நடைப்பயணமும் மட்டும் நின்றன, ஏனென்றால் அவை அவளுடைய புருஷன் உயிரோடு வருவானா என்பதைப் பற்றியவை.

சரி, இப்போது கப்பல் இல்லை, வாட்ஸப் இருக்கிறது. அப்படியானால் தடை வீட்டுக்குள்ளேயோ ஆளுக்குள்ளேயோ இருக்க வேண்டும்.

வீடு என்றதும் நம் வீட்டை நினைத்துப் பார். முகப்பில் ஆள், பட்டாலையில் ஆள், நடு முற்றமான வளவைச் சுற்றிப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு ஜோடிக்கு, ஓர் அறை, அந்த அறையிலும் பாதி பெட்டகமும் பித்தளைச் சாமானும். புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர் நாலு வார்த்தை பேச அங்கே இடமே கிடையாது. வெளியூர்க்காரர்கள் பர்மா தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு இந்த வீட்டில் எழுதக் கிடைத்த பெரிய சொத்து அந்த இடமின்மைதான். ஒரு செம்புத் தண்ணீரை வளவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எடுத்துப் போவதை மூன்று பக்கம் எழுதலாம், நடுவில் எத்தனை ஆச்சிமார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து. முத்தத்தை எழுதுவது எளிது, எல்லோரும் எழுதுகிறார்கள். (மகளுக்கு எழுதுகிற கடிதத்தில் இதைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் கூச்சம்தான். படித்துவிட்டுச் சிரிக்காதே.)

அதிலும் வேறு வைக்கிற வழக்கம் மாதிரி ஒரு கதைக்கருவை எந்த எழுத்தாளரும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் மாமியாரே அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் எடுத்துக் கொடுத்து, அதே வீட்டில் தனி அடுப்பு மூட்டிக்கொள் என்று சொல்லிவிடுவார்கள். சண்டை போட்டுப் பிரிவதில்லை, முறைப்படி செய்வது. அன்றைக்கு அவள் முதல்முதலாகத் தன் அடுப்பில் சமைக்கிறாள். அவனுக்கோ பத்தடி தள்ளி அம்மா அடுப்பில் கொதிக்கிற குழம்பின் வாசனை பிறந்ததிலிருந்து பழக்கம். எந்த இலையில் போய் உட்காருவான்? இந்தக் காட்சியை எத்தனையோ நாவலில் எழுதிவிட்டேன், இன்னும் தீரவில்லை. முதலில் எழுதியபோது அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்று ஒரே புலம்பலாக எழுதினேன். இப்போது எழுதினால் குழம்பில் உப்பு கூடிப்போனதையும், அவன் மோரை ஊற்றிக்கொண்டு சத்தமில்லாமல் சாப்பிட்டதையும், வளவில் இருந்த மாமியார் அதைப் பார்த்ததையும் எழுதுவேன். மனசைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

அது நீங்களும் அப்பச்சியுமா என்று ஒரு தடவை கேட்டாய். பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பத்து நிமிஷம் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்குக் காதலைப் பற்றி என்ன தெரியும் என்றும் கேட்டாய். கல்யாணத்துக்கு அப்புறம் வருகிற காதலைத்தான் நம் வாசகிகளில் பாதிப் பேர் தேடித் தேடிப் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அதுதான், எனக்கும் அதுதான். மற்றபடி, அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதியே வைத்திருக்கிறது. பழைய ஆட்கள் விவரமானவர்கள். நானும் எந்தக் காட்சி யார் வீட்டிலிருந்து வந்தது என்று உன்னிடம்கூடச் சொல்லமாட்டேன்.

தினமும் எப்படி எழுதுகிறீர்கள் என்றும் கேட்டிருந்தாய். பெரிதாக ஒன்றுமில்லை. விடியுமுன் எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, பட்டாலையில் உன் ஐயா கணக்கு எழுதிய சாய்வு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்காருவேன். பால்காரர் மணி அடிக்கிற வரைக்கும் அது என் நேரம். அதற்குப் பிறகு எழுதுவதில்லை, ஆனால் அடுப்படியில் நிற்கும்போது பேச்சு வரும். இரண்டு பேர் பேச்சையும் நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். வீட்டு வேலைக்கு வருகிற அம்மா ஆரம்பத்தில் எனக்கும் அப்பச்சிக்கும் தினமும் தகராறு என்றே நினைத்திருந்தார்களாம். எழுத்து நகராத நாளும் உண்டு. அன்றைக்கு அந்த இரண்டு பேரையும் சாப்பிட உட்கார வைத்துவிடுவேன். யார் பரிமாறுகிறார்கள், யார் எதை ஒதுக்குகிறார்கள், அதை யார் கவனிக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டே போனால் கதை தானாக நகர்ந்துவிடும். அதுவும் பலிக்காவிட்டால் தேவகோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு வருவேன். பஸ்ஸில் போனில் பேசுகிறவர்கள் வசனகர்த்தாக்கள் எல்லோரையும் தோற்கடித்துவிடுவார்கள்.

எழுதியதை முதலில் படிப்பது அப்பச்சி. பேங்கில் இருந்தவர் இல்லையா, நாவலையும் தணிக்கை செய்கிறார். போன மாதம் நாயகிக்கு ஒரே வாரத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை வந்துவிட்டதைக் கண்டுபிடித்தார். இன்னொரு நாள், "இவன் என்ன வேலைதான் பார்க்கிறான், எந்நேரமும் மழையில் நிற்கிறானே" என்றார். அந்த மழையை எடுத்துவிட்டேன்.

மாத நாவல் காலத்தில் கதைக்கு நீளம் நாம் வைப்பதில்லை, அச்சகம் வைப்பது. பதினாறு பக்கம் ஒரு பாரம், இத்தனை பாரம் என்றால் அவ்வளவுதான். ஒரு பத்திரிகை கடைசி நேரத்தில் விளம்பரம் வந்ததென்று என் கடைசி அத்தியாயத்தில் பாதியை எடுத்துவிட்டது. நாயகன் ரயிலில் ஏறினான், கல்யாணம் முடிந்திருந்தது. வாசகிகள் எனக்குத்தான் கடிதம் போட்டுத் திட்டினார்கள். இப்போது கிண்டிலில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சந்தாவில் படிக்கிறவர்கள் எத்தனை பக்கம் புரட்டினார்களோ அதற்குத்தான் காசு, அதனால் கதையை இழுக்கச் சொல்லி ஆசை காட்டும். இழுக்காதே.

ஆண்ட்டி ஹீரோ எழுது, அதற்குத்தான் கிராக்கி என்று உன் சிநேகிதி சொன்னதாக எழுதியிருந்தாய். பழிவாங்கத் தாலி கட்டுகிறவன், கன்னத்தில் அறைந்துவிட்டுக் கண் கலங்குகிறவன். கிராக்கி இருப்பது உண்மைதான். நான் எழுதமாட்டேன், நீயும் எழுதவேண்டாம். இன்னொன்று, உன் கதையில் யார் என்ன ஆட்கள் என்றே தெரியவில்லை. நம் குடும்ப நாவல்களில் யாருக்கும் சாதி கிடையாது, ஆனால் குலதெய்வமும் சீர்வரிசையும் பலகாரமும் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கும் அதை நேராக எழுதத் தைரியம் வர நாளாயிற்று. நம்மிலேயே ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளி, பெண் கொடுத்து எடுக்க முடியாது. அதைத் தாண்டி வெளியே என்றால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும், நம் வீட்டிலேயே நடந்தது. அதைவிடப் பெரிய தடையை எங்கே போய்த் தேடப் போகிறாய்?

அதை எழுத வேண்டாம் என்றால் இப்படி யோசித்துப் பார். அந்தப் பையனுக்கு இங்கே ஒரு வீடு இருக்கிறது. பங்காளிகள் ஏகப்பட்ட பேர், ஆளாளுக்கு ஒரு பங்கு, குடியிருப்பது ஒரு கிழவி. ஒருவர் விற்க வேண்டும் என்கிறார். தூணும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைக்குப் போய்விடும் என்று இன்னொருவர் அழுகிறார். அவன் திரும்பி வந்தால் வீடு நிற்கும். அவளுக்கு அங்கே இப்போதுதான் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, அவள் சம்பாத்தியத்தில்தான் ஊரில் தம்பி படிக்கிறான். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எத்தனை போன் போட்டாலும் இது தீராது.

காபி குடித்தவளை எடுத்துவிடு. மூன்றாவது அத்தியாயத்தை மட்டும் மாற்றி எழுதி அனுப்பு. இரண்டு வெள்ளிக்கிழமை வந்தால் அப்பச்சி பார்த்துக்கொள்வார்.

பக்கத்து வீட்டு ஆச்சி அடுத்த மாதம் டொராண்டோ வருகிறார்கள். தேன்குழலும் சீப்புச்சீடையும் கொடுத்து அனுப்புகிறேன், கவுனரிசியும் வேண்டுமா என்று சொல். அப்புறம் எனக்கு ஓர் உதவி. இப்போது எழுதுகிற கதையில் நாயகன் மாசி மாதம் உங்கள் ஊரில் வந்து இறங்குகிறான். விமான நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் மூக்கில் முதலில் என்ன தெரியும்? மாப்பிள்ளையைக் கேட்டாவது எழுது.

அன்புடன்
அம்மா