ஏர்மாடு பழக்குவோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டீசல் விலை ஏறியதிலிருந்து பர்மாவில் யாங்கோனுக்கு அருகிலுள்ள எங்கள் சிரியம் வட்டாரத்தில், கை டிராக்டரை நிறுத்திவிட்டு மீண்டும் மாடு வாங்கி உழும் இளைஞர்கள் சிலரைக் காண்கிறேன். மகிழ்ச்சிதான். ஆனால் மாடு பழக்கும் முறையைப் பெரியவர்களிடம் கேட்டறியாமல் அவர்கள் ஏர் பூட்டுவதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஓரிடத்தில், இன்னும் பல் போடாத காளைக்கன்றுகள் இரண்டை ஒரே நுகத்தில் பூட்டி முழங்கால் சேற்றில் இறக்கியிருந்தார்கள். பால்பல் விழுந்து முதல் இரண்டு பல் முளைக்க ஏறத்தாழ 2 வயதாகும். எட்டுப் பல்லும் நிரம்பிக் கடைசேர 4, 5 வயதாகிவிடும். என் தகப்பனார் பல் போட்ட பிறகே கன்றை ஏருக்குப் பழக்குவார். அதுவும் காய்ந்த தரையில், வெறும் நுகத்தடியுடன், அனுபவமுள்ள கிழமாட்டுக்குப் பக்கத்தில் பூட்டிப் பல நாள் நடக்கவிட்ட பிறகுதான் கலப்பையைத் தொடுவார். கிழமாடு நின்றால் கன்றும் நிற்கும், திரும்பினால் கன்றும் திரும்பும். அடிக்க வேண்டிய தேவையே வராது. நுகத்தின் இடப்பக்கம் பழகிய மாட்டை வலப்பக்கம் பூட்டவும் மாட்டார். மூக்கணாங்கயிற்றை லேசாக அசைத்தாலே மாட்டுக்குப் புரியும் என்பார். இன்றோ அதைச் சுண்டி இழுத்து மூக்குக் கிழிந்த மாடுகளைச் சந்தையில் பார்க்கிறேன்.

ஏரில் பூட்டும் எருமைக்கோ வியர்வைச் சுரப்பிகள் குறைவு. கருந்தோல் வெயிலை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் பர்மியரும் நம்மவரும் விடியலில் பூட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்த்துக் குட்டையில் விடுவார்கள். அதைச் சோம்பலென்று நினைத்து நண்பகல்வரை உழுவது கொடுமை.

மாலையில் தொழுவத்தில் காற்று வரும் பக்கமாக எருமுட்டைப் புகைமூட்டம் போடும் வழக்கமும் அருகிவிட்டது. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாட்டில் கண்டறியப்பட்ட, மாட்டின் தோலில் கட்டிகள் எழும்பும் தோல்கழலை நோய், கொசுவாலும் கடிக்கும் ஈக்களாலும் பரவுவது. மூட்டம் தடுப்பூசிக்கு ஈடாகாது; ஆயினும் பூச்சிக்கடியைக் குறைக்கும். பழையது என்பதற்காக எல்லாவற்றையும் நான் வேண்டவில்லை. நோய் கண்ட மாட்டுக்குச் சூடு போடும் வழக்கம் ஒழியவே வேண்டும்.

ஏர் பிடித்து மாடு பழக்கிய பெரியவர்கள் பெகு, சிரியம் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டெழுதித் தங்கள் இதழில் தொடராக வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வைகாசி மழை இறங்குமுன் வந்தால் இவ்வாண்டு உழவுக்கே உதவும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
சிரியம் வட்டாரம், பர்மா.