சனி, ஞாயிறு வகுப்பு கேட்கிறோம்

இந்திய பார் கவுன்சிலின் சட்டக் கல்விக் குழுவுக்கும், தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கும்,

வணக்கம்.

பழனியில் பதிமூன்று வருடமாகக் கிரிமினல் பக்கம் பிராக்டிஸ் செய்யும் வழக்கறிஞர் நான். ஜாமீன் மனு, அடிதடி, திருட்டு, விபத்து, எப்போதாவது திண்டுக்கல் செஷன்ஸில் ஒரு கொலை வழக்கு. குற்றவியல் சட்டத்தில் எல்.எல்.எம். என்ற முதுகலைப் பட்டம் படிக்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. தொழிலை விட்டால்தான் படிக்கலாம் என்ற நிலை இருப்பதால் அது நடக்கவில்லை. வேலையில் இருப்பவர்களுக்கென்று சனி, ஞாயிறு வகுப்புகளோடு மூன்று வருட எல்.எல்.எம். ஒன்றை அரசு சட்டக் கல்லூரிகளில் தொடங்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஏன் இப்போது கேட்கிறேன் என்று சொல்ல, நான் நடத்திய ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன்.

கடை உடைத்துத் திருடியதாக 22 வயதுப் பையன் மேல் வழக்கு. சாட்சியம் என்று பார்த்தால் கடை வாசல் சிசிடிவி பதிவு ஒன்றுதான். அதை பென் டிரைவில் போட்டு, ஒரு பக்கச் சான்றிதழோடு கேஸ் கட்டில் வைத்திருந்தார்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்க, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்குக் கொடுக்கும் அதே வாசகம். பிரிவு எண்ணை மட்டும் 63 என்று திருத்தியிருந்தார்கள். விசாரணைக்கு முந்தைய நாள் இரவு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் அட்டவணையைப் புரட்டியபோதுதான் படிவமே மாறிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இப்போது இரண்டு பகுதி. முதல் பகுதியில் கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டாவதில் ஒரு நிபுணர் போட வேண்டும். பதிவின் ஹேஷ் மதிப்பையும், அதாவது பதிவு மாறினால் தானும் மாறிவிடும் அதன் டிஜிட்டல் கைரேகையையும், குறிப்பிட வேண்டும். கட்டில் இருந்த சான்றிதழில் நிபுணரும் இல்லை, ஹேஷும் இல்லை.

மறுநாள் ஆட்சேபித்தேன். மாஜிஸ்திரேட் நியாயமான கேள்விதான் கேட்டார்: இந்தக் குறையைப் பிறகு சரிசெய்ய முடியுமா? பழைய 65பி சான்றிதழை விசாரணை முடிவதற்குள் தாக்கல் செய்யலாம் என்று 2020ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னேன். ஆனால் புதிய இரண்டாம் பகுதிக்கும் அது பொருந்துமா? அந்த ‘நிபுணர்’ யார்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்ட ஆய்வாளராகத்தான் இருக்க வேண்டுமா, கணினி தெரிந்த யாராக இருந்தாலும் போதுமா? பறிமுதல் செய்த அன்று எடுக்காத ஹேஷை ஆறு மாதம் கழித்து எடுத்தால் அதற்கு என்ன மதிப்பு? என்னால் பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. அரசுத் தரப்பிலும் பதில் இல்லை. வாய்தா போட்டார்கள். அந்தப் பையனுக்கு இன்னொரு மாதம் உள்ளேயே போனது.

தீர்ப்புத் தொகுப்பைத் தேடினால் இதற்கெல்லாம் விடை கிடைத்துவிடாது. பிரிவின் சொற்களை, அதற்கு முந்தைய சட்டத்தை, தொழில்நுட்பத்தை, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவை ஒன்றாக வைத்து, நாலு பேரோடு வாதாடி, எழுதிப் பார்த்து, ஒரு பேராசிரியர் திருத்திக் கொடுத்தால்தான் பிடிபடும். முதுகலை வகுப்பு அதற்குத்தானே இருக்கிறது.

1-7-2024 அன்று மூன்று சட்டங்கள் ஒரே நாளில் மாறின. 511 பிரிவு தண்டனைச் சட்டத்துக்குப் பதில் 358 பிரிவு பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) வந்தது. 484 பிரிவு நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் 531 பிரிவு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) வந்தது. எங்கள் எல்லோர் செல்போனிலும் ஒப்பீட்டு அட்டவணை இருக்கிறது. கொலைக்கு 302 என்றால் 103, மோசடிக்கு 420 என்றால் 318, முன்ஜாமீன் 438 என்றால் 482. எண்ணைச் சொல்ல அட்டவணை போதும். 65பிக்கு நேராக 63 என்று போட்டிருக்கும் அதே அட்டவணையில் படிவம் மாறியது இல்லை.

போலீஸ் காவலையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நடைமுறைச் சட்டத்தின் 167ல் கைதான முதல் பதினைந்து நாளுக்குள்தான் போலீஸ் காவல் கேட்க முடியும். அனுபம் குல்கர்னி தீர்ப்பு 1992லேயே அதை உறுதி செய்துவிட்டது. புதிய 187ல் அதே பதினைந்து நாளைப் பிரித்துப் பிரித்து, வழக்கைப் பொறுத்து முதல் நாற்பது அல்லது அறுபது நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். அட்டவணையில் இது ஒரு வரி. சிறையில் இருப்பவனுக்கு, ஜாமீன் கிடைக்கப்போகிற நேரத்தில் திரும்பவும் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போவார்களோ என்ற பயம். அந்த மனுவை எப்படி எதிர்ப்பது என்று ஆழமாகப் படித்த ஒருவர் ஒவ்வொரு தாலுகா கோர்ட்டிலும் வேண்டும்.

இதில் பழைய சட்டமும் முழுசாகப் போய்விடவில்லை. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றம் இன்னும் பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யில்தான். ஒரே காலையில், ஒரே கோர்ட்டில், ஒரு கட்டு பழைய சட்டத்திலும் அடுத்த கட்டு புதிய சட்டத்திலும் ஓடுகிறது. இன்னும் பல வருடத்துக்கு இப்படித்தான் இருக்கும். சில விஷயங்களில் புதியது பழைய வழக்குக்கும் பொருந்தும். அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகச் சிறையில் கழித்துவிட்ட, முன்பு தண்டனை பெறாத ஒருவரை ஜாமீனில் விட வேண்டும் என்கிற பி.என்.எஸ்.எஸ். 479ஆம் பிரிவு, நிலுவையில் உள்ள பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைத் தெரிந்துகொண்ட வக்கீலின் கட்சிக்காரர் வீட்டுக்குப் போகலாம். தெரியாத வக்கீலின் கட்சிக்காரருக்கு அந்த வழி இருப்பதே தெரியாது.

சரி, படிக்க என்ன தடை? பகல்தான் தடை. சில வருடங்களுக்கு முன் ஒரு சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் தன்மையாகத்தான் பேசினார். “மேடம், திங்கள் முதல் வெள்ளி கிளாஸ். அட்டெண்டன்ஸ் இல்லன்னா பரீட்சை எழுத முடியாது. தொழிலை நிறுத்தி வச்சிட்டு வர முடியுமா, யோசிங்க” என்றார். யோசிக்க எதுவும் இல்லை. நிறுத்தினால் குமாஸ்தா சம்பளம், ஜூனியரின் பெட்ரோல் காசு, பெண்ணின் பள்ளிக் கட்டணம் எல்லாம் நிற்கும். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தால் கட்டுகள் வேறு அலுவலகங்களுக்குப் போயிருக்கும். சென்னைக்குப் போய்ப் படிக்கலாம் என்றால் பழனியில் இரவு ரயில் ஏறினால் விடியும்போதுதான் ஊர் வரும். ஊரில் தொழிலையும் குடும்பத்தையும் அமைத்துக்கொண்ட பெண் வக்கீல்களுக்கு இந்தக் கதவு முற்றிலும் மூடியே இருக்கிறது.

பார் கவுன்சிலின் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. அனுமதியில்லாமல் ஆன்லைனிலும் தபால் வழியிலும் நடக்கும் எல்.எல்.எம். படிப்புகள் செல்லாது என்று 2025ல் எச்சரித்தீர்கள். அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். வகுப்புக்கே வராமல் வாங்கிய பட்டத்தோடு ஒருவர் நாளை சட்டக் கல்லூரியில் பாடம் எடுத்தால் அதன் விலையை எங்கள் கட்சிக்காரர்கள்தான் கொடுப்பார்கள். ஆனால் தபால்வழி வேறு, பகுதிநேரம் வேறு. பகுதிநேரத்தில் மாணவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், ஆசிரியர் எதிரில் நிற்பார். கிழமை மட்டும்தான் மாறுகிறது. மொத்த வகுப்பு நேரத்தை ஒரு மணி கூடக் குறைக்க வேண்டாம், இரண்டு வருடத்தை மூன்றாக நீட்டுங்கள். டெல்லிப் பல்கலைக்கழகம் வேலையில் இருப்பவர்களுக்கென்று மூன்று வருட எல்.எல்.எம். படிப்பை நடத்தியிருக்கிறது. அங்கே முடிந்தது மதுரையிலும் முடியும்.

உங்கள் 2020 முதுகலை விதிகளின் பெயரிலேயே பணியில் இருப்போருக்கான கல்வியும் தொடர் கல்வியும் இடம் பெற்றிருக்கின்றன. 1961 வழக்கறிஞர் சட்டத்தின் 7ஆம் பிரிவு சட்டக் கல்வியை வளர்ப்பதை உங்கள் கடமையாக வைத்திருக்கிறது. அந்தக் கடமைக்குள் பட்டம் வாங்கி வெளியே வந்தவர்களும் அடங்குவார்கள் என்றே நான் படிக்கிறேன். மாலை வகுப்பை நான் கேட்கவில்லை. கோர்ட்டிலிருந்து வெளியே வரவே ஆறு மணி ஆகிவிடும். சட்டப் படிப்பு வகுப்புகளுக்கு 2008 விதிகள் வைத்திருக்கும் எல்லை இரவு ஏழு மணி. அதனால்தான் சனி, ஞாயிறு.

துணைவேந்தர் அவர்களுக்கு ஒரு வார்த்தை. குற்றவியல் சட்டத்துக்கென்று உங்களிடம் தனித் துறையே இருக்கிறது. மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, வேலூர் என்று அரசுக் கல்லூரிக் கட்டடங்களும் நூலகங்களும் இருக்கின்றன. முதலில் மதுரையிலும் கோவையிலும் இருபது இருபது இடம் கொடுத்துப் பாருங்கள். அந்த வகுப்பில் யார் யார் உட்காருவார்கள் என்று நினைத்தாலே எனக்கு உற்சாகமாக இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல், அரசு உதவி வழக்கறிஞர் (ஏ.பி.பி.), பி.எல். முடித்த இன்ஸ்பெக்டர், நன்னடத்தை அலுவலர். ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 176(3). சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது 105. இதைத் தெருவில் செய்து பார்த்த இன்ஸ்பெக்டரும், கூண்டில் அவரைக் குறுக்கு விசாரணை செய்த வக்கீலும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால், முழுநேர வகுப்பில் கிடைக்காத படிப்பு அங்கே நடக்கும். ஓய்வு பெற்ற செஷன்ஸ் நீதிபதிகளையும் தடய அறிவியல் ஆய்வகத்தில் இருப்பவர்களையும் பாடம் எடுக்க அழையுங்கள்.

ஆய்வேட்டை அவரவர் கோர்ட்டிலிருந்து எழுதச் சொல்லுங்கள். ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு வருடத்தில் வந்த 63ஆம் பிரிவுச் சான்றிதழ்களில் எத்தனை சரியான படிவத்தில் இருந்தன என்று ஒருவர் எண்ணிப் பார்த்து எழுதினாலே உயர் நீதிமன்றத்துக்குப் பயன்படும். தமிழில் எழுதவும் அனுமதி கொடுங்கள். எங்கள் கோர்ட்டில் சாட்சி பேசுவது தமிழில்தான்.

அப்புறம், கட்டணம். அரசுக் கல்லூரிக் கட்டணமாகவே இருக்கட்டும். பகுதிநேரம் என்ற பெயரில் அதைச் சுயநிதிப் படிப்பாக்கி லட்சக்கணக்கில் வாங்கினால், தாலுகா கோர்ட் வக்கீலுக்கு மீண்டும் எட்டாமல் போய்விடும்.

எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒன்பது பேர் வருகிறோம் என்றார்கள், அதில் நாலு பேர் பெண்கள். மதுரையில் வகுப்பு என்றால் சனிக்கிழமை விடியற்காலைப் பஸ்ஸில் கிளம்பிவிடுவோம். வரும் கல்வியாண்டுக்கே இதை எடுத்துக்கொள்ள முடியுமா என்று சொல்லுங்கள். பாடத்திட்டக் கூட்டத்துக்குக் கீழ்க்கோர்ட்டில் வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட நினைத்தால், எந்த ஞாயிற்றுக்கிழமையும் என் செலவில் வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன்.

மரியாதையுடன்,
பழனி வழக்கறிஞர் ஒருவர்