எறும்பு சாக்பீஸ் பற்றி ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் பென்சில் டப்பாவில், எழுதுகிற சாக்பீஸ்களோடு எறும்பு சாக்பீஸ் ஒன்றும் இருந்தது. வகுப்பாசிரியை உடனே பார்த்து எடுத்துவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சாக்பீஸைக் கடித்துப் பார்க்காத சின்னப் பிள்ளைகள் குறைவு, அது சுண்ணாம்போடு பூச்சிமருந்து கலந்து செய்தது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? துணிக்கு நடுவே போடும் அந்துருண்டையும் அப்படித்தான், பார்க்க மிட்டாய் மாதிரியே இருக்கும்.

மருந்தே வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வீட்டில் இருப்பது எந்தப் பூச்சி என்று முதலில் பாருங்கள், மருந்து அப்புறம். பல பூச்சிகளுக்கு மருந்தே தேவைப்படாது.

கரப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்பழுப்பு நிறத்தில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் சாக்கடைக் குழாய் வழியாக வருவது, தண்ணீர் போகும் துளைகளுக்கு வலைமூடி போட்டு இரவில் அடைத்து வைத்தாலே அதன் வரத்து நன்றாகக் குறையும். அரை அங்குலம் அளவில், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோட்டோடு இருக்கிறதே, அதுதான் பிடிவாதக்காரப் பூச்சி. ஃபிரிட்ஜ் மோட்டாரின் சூட்டிலும் மிக்ஸிக்கு அடியிலும் அலமாரிக் கீல்களிலும் குடியிருக்கும், பெண் பூச்சி 30, 40 முட்டைகள் உள்ள பையைப் பொரிகிற சமயம் வரை உடம்போடு சுமந்து திரியும். ஸ்பிரே அடித்தால் கண்ணில் பட்டது சாகும், மற்றவை இன்னும் உள்ளே ஒளியும். இதற்கு ஜெல் மருந்துதான் சரி. கடுகளவு புள்ளிகளாக, பிள்ளைகள் கை எட்டாத இடுக்குகளில் வையுங்கள், தின்ற பூச்சி பொந்துக்குள் போய்ச் சாகும், அதைத் தின்பவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள், அப்புறம் ஜெல் பக்கமே அவை வராது.

எறும்புக்கு அது போகிற வரிசையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, நுழைகிற ஓட்டையை அடைத்தால் பெரும்பாலும் போதும். அரிசி வண்டுக்கு வெயிலும் இறுக மூடும் டப்பாவும். நெல் மூட்டைக்கு வைக்கும் பாஸ்பைடு மாத்திரையைத் தயவுசெய்து வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், ஈரக்காற்று பட்டாலே விஷவாயு கிளம்பும், ஆட்கள் தூங்குகிற அறையில் அது உயிரையே எடுத்துவிடும்.

மழை தொடங்குவதால் கொசு பற்றியும் சொல்லியாக வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில்தான் வளரும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன் முட்டை காய்ந்த பாத்திரத்தின் சுவரில் மாதக்கணக்கில்கூட உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தொட்டியையும் டிரம்மையும் தேய்த்துக் கழுவுங்கள். ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டையும் மறக்க வேண்டாம்.

பேன் வந்த பிள்ளையை எங்கள் பள்ளியில் யாரும் ஒதுக்க மாட்டோம், நீங்களும் ஒதுக்காதீர்கள். சுத்தமான தலையிலும் பேன் வரும். ஈரத்தலையில் எண்ணெய் அல்லது கண்டிஷனர் தடவி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பேன் சீப்பால் வாருங்கள், ஈர் பொரிந்து வருவதால் இரண்டு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய், வயலுக்கு அடிக்கும் மருந்து இவை எதுவும் பிள்ளையின் தலையில் படவே கூடாது.

பிள்ளை பூச்சிமருந்தைத் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு 108-க்கு அழையுங்கள், மருந்தின் அட்டையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

திங்கட்கிழமை முதல் யாரும் வீட்டிலிருந்து சாக்பீஸ் கொடுத்தனுப்ப வேண்டாம், தேவையானதைப் பள்ளியே தரும். உங்கள் வீட்டில் இருப்பது என்ன பூச்சி என்று தெரியவில்லையா? போனில் படம் எடுத்து வந்து அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள், மாலை நான்கரை மணி வரை அவர் பள்ளியில் இருப்பார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்