ரோட்டுச் சூடு பற்றிப் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். ராத்திரி நீ சொன்ன விஷயத்துக்குப் போனில் பதில் சொல்லி மாளாது. நான் வாயைத் திறப்பதற்குள் "சரிப்பா, காலையில சைட்டுக்குப் போகணும்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாப் பக்கம் புது ரோட்டில் டயர் தடம் பள்ளமாக இறங்கிவிட்டது, மேலே விளக்கம் கேட்கிறார்கள், கலவை சோதனை எல்லாம் சரியாக வந்திருக்கிறது, அந்த வாரம் வேலூரில் வெயில் 41 டிகிரிதான் என்றாய். அந்த 41 எதன் சூடு? வானிலைக்காரர்கள் வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில், தரைக்கு நாலடி மேலே தெர்மாமீட்டரை வைத்து அளக்கிற காற்றின் சூடு. அதே நேரம் வெயிலில் கிடக்கும் உன் தார் ரோடு 60-ஐத் தாண்டியிருக்கும். நீங்கள் போட்ட விஜி-30 ரகத் தார் 47 டிகிரிக்குக் கீழே இளகக் கூடாது என்பதுதான் தாருக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 73 கேட்பது. அதற்கு மேலே போய்விட்டால் ஜல்லியும் ஜல்லியும் கவ்விக்கொண்டிருக்கிற பிடியை நம்பித்தான் ரோடு நிற்கிறது. அதே ஐஎஸ்ஸில் தாரின் பாகுநிலையை, அதாவது எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை, 60 டிகிரியில் வைத்துச் சோதிக்கச் சொல்லியிருப்பது ஏன் என்று இப்போது புரியும்.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது என்றால், முக்கால்வாசி நேரடி வெயில்தான். ஏப்ரல் கடைசியில் நம் ஊரில் சூரியன் உச்சந்தலைக்கு மேலே வந்துவிடும். கத்திரி முழுக்க ஏறக்குறைய அங்கேதான் நிற்கும். புதுத் தார் தன் மேல் விழுகிற வெயிலில் நூற்றுக்கு 95 பங்கை விழுங்கிவிடும். சில வருஷம் ஓடி, மேல் தார் தேய்ந்து ஜல்லி வெளியே தெரிந்து சாம்பல் நிறமானால் கொஞ்சம் குறையும். சிமென்ட் ரோடு இன்னும் அதிகமாகத் திருப்பி அனுப்பும். ஆக, உன் ரோடு புதுசாக இருப்பதே அதற்கு ஒரு பாதகம். முதல் கோடைதான் ஆபத்து என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான்.

அப்புறம் நிழல். நீ பொறுப்பேற்ற சாலையில் அகலப்படுத்தப் புளிய மரங்களை வெட்டினார்களே, அந்த நிழலைக் கணக்கில் எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. மிச்சம் நிற்கிற ஒரு மரத்தடியில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டு, பத்தடி தள்ளி வெயிலில் காட்டு. 15, 20 டிகிரி வித்தியாசம் சாதாரணமாக வரும். ஒரே கலவை, ஒரே நாளில் போட்டது, ஆனால் வேறு வேறு ரோடு போலத்தான் நடந்துகொள்ளும்.

காற்றையும் பார்க்க வேண்டும். சென்னையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்து ரோட்டைக் கொஞ்சம் ஆற்றும். வேலூருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, சுற்றிலும் பாறை மலை. கோடைமழை பத்து நிமிஷம் பெய்தால் மேல்பரப்பு மளமளவென்று இறங்கும், ஆவி பறக்கும். ஆனால் அடியில் சூடு அப்படியே இருக்கும். மேல்பரப்பு மதியம் ஒன்று, இரண்டு மணிக்கு உச்சத்தைத் தொடும். நாலு அங்குலம் கீழே அந்தச் சூடு போய்ச் சேர சாயங்காலம் ஆகிவிடும். மழை விட்டதும் மேலே கை வைத்துப் பார்த்துவிட்டு ரோடு ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

ராத்திரியில் வானம் தெளிவாக இருந்தால் ரோடு தன் சூட்டை மேலே விட்டுவிடும். மேகம் மூடினால் விடாது. பாலத்து மேல்தளத்துக்கு அடியில் மண் கிடையாது, இரண்டு பக்கமும் காற்று, அதனால் அது மற்ற ரோட்டைவிடச் சீக்கிரம் குளிரும். குளிர்நாடுகளில் முதலில் பனிக்கட்டி பிடிப்பது பாலத்தில்தான். ஊட்டிக்குப் போனபோது தலைக்குந்தாவில் பார்த்தாயே, புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்க, பக்கத்துத் தார் ரோடு கறுப்பாகவே இருந்தது. பகலில் வாங்கிய சூட்டை அடியில் வைத்துக்கொண்டு விடிய விடியச் செலவு செய்தது அது.

சரி, உன் பஸ் ஸ்டாப்புக்கு வருகிறேன். ஓடுகிற பஸ் இளகிய ரோட்டை அமுக்கிவிட்டுப் போய்விடும். நிற்கிற பஸ் அமுக்கிக்கொண்டே இருக்கும், அதுவும் தினமும் அதே தடத்தில். இன்ஜின் சூடு, டயர் சூடு எல்லாம் சேரும் என்றாலும் அவை சில்லறை. வெயிலும், நிற்கிற பளுவும்தான் காரணம். இப்படிப்பட்ட இடத்துக்கு இன்னும் கெட்டியான விஜி-40 தார் கேட்டு எழுதுவதில் தப்பே இல்லை. ஆனால் அதை விரிக்கும்போது கலவைச் சூடு 150 டிகிரிக்குக் கீழே இறங்கி வந்த டிப்பரைத் திருப்பி அனுப்பு, விஜி-30க்கு 140. அப்புறம், அந்தச் சூட்டின் மேல் நின்று வேலை செய்கிற பெண்களுக்கு உச்சி வெயிலில் ஓய்வு கொடு. இதை எந்த ஒப்பந்தக்காரரும் தானாகச் செய்ய மாட்டார்.

விளக்கத்தில் 41 என்று எழுதாதே. ரோட்டை அளந்து எழுது. இன்ஃப்ராரெட் மேல்தோலைத்தான் காட்டும். உள்ளே தெரிய வேண்டுமானால் பளு ஏற்றிய லாரியின் கீழ் ரோடு எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கிற பெங்கல்மேன் சோதனையில் நாங்கள் செய்த மாதிரி செய்: உளியால் 45 மில்லிமீட்டர் ஆழத்துக்கு விரல் நுழையாத சின்னத் துளை போட்டு, கிளிசரின் ஊற்றி, தெர்மாமீட்டரை இறக்கி, பாதரசம் அசையாமல் நிற்கும் வரை பொறு. அந்தச் சோதனையில் 35 டிகிரிக்கு மேலேயோ கீழேயோ போனால் அமுங்கிய அளவில் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.01 மில்லிமீட்டர் திருத்தம் போடுவோம். ரோட்டின் சூடு தெரியாமல் ரோட்டின் பலத்தைப் பேசக் கூடாது என்று அப்போதே விதி வைத்திருந்தார்கள்.

தடம் விழுந்த இடத்தில் ஒன்று, மரத்தடியில் ஒன்று, ஓடும் வழியில் ஒன்று போதும். மதியம் ஒன்றரைக்கு எடு, சாயங்காலம் ஆறுக்கு மறுபடி எடு. கிளிசரின் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். தொப்பி போட்டுக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை வரும்போது எழுதிய தாளைக் கொண்டு வா, விளக்கத்தைச் சேர்ந்தே எழுதலாம்.

அன்புடன்,
அப்பா