மின்சாரம் கொடுத்தது கடை எண் 14

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதிக் கலைச்சந்தையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன். "வெறும் கைவினைச் சந்தையாக இருந்த இடத்துக்கு விளம்பரதாரர்களின் முயற்சியால் சர்ஃப் ராக் விழா வந்து சேர்ந்தது" என்ற வரியில் நின்றுவிட்டேன். (சர்ஃப் ராக் என்பது கலிஃபோர்னியக் கடற்கரையில் அலைச்சறுக்குப் பையன்களிடையே பிறந்த கிதார் இசை.) அன்று இரவு தூக்கம் வரவில்லை. யாரிடம் கேட்டு எழுதினீர்கள், ஐயா?

நடந்ததைச் சொல்கிறேன். 2016 ஜனவரி. வெள்ளம் வடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சந்தையில் மண்பானைக்காரரும் பனையோலைக் கூடை விற்கும் அம்மாவும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் கிதார் பழகிக்கொண்டிருந்த எங்கள் மூன்று பேரைப் பார்த்து அந்த அம்மாதான், "இங்க வந்து ஏதாவது வாசிங்க தம்பி, நாலு பேராவது நின்னு பாப்பாங்க" என்றார். அவர் கடை எண் 14. கடையில் இருந்தது ஒரே ஒரு பிளக். தன் விளக்கைப் பிடுங்கிவிட்டு எங்கள் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தார். சர்ஃப் ராக்குக்கு உயிரே ரிவெர்ப் என்கிற எதிரொலிதான். ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் நீளமான ஸ்பிரிங்குகள் வழியாகப் போய் ஒலி நனைந்து வெளியே வரும். பெட்டி லேசாக இடிபட்டால் போதும், இடி விழுந்த மாதிரி சத்தம் கேட்கும். முதல் நாள் அந்தச் சத்தத்தில் அம்மா பயந்து எழுந்தே விட்டார். அப்புறம் அது பழகிவிட்டது. அடுத்த மாதம் வேறு இரண்டு குழுப் பையன்கள் வந்தார்கள். யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை.

மூன்றாவது வருடம் பேனருடன் ஒரு நிறுவனம் வந்தது. எங்களுக்கு மதியம் 3 மணி வெயிலில் 20 நிமிடம் ஒதுக்கினார்கள். மேடைக்கு இடம் வேண்டும் என்று கடை எண் 14-ஐக் கழிவறைப் பக்கம் தள்ளினார்கள். அதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. விழா நடந்தால் சரி என்று இருந்துவிட்டேன். இப்போது நீங்கள் அதை அச்சில் ஏற்றி, விழாவே அவர்கள் கொண்டுவந்தது என்று ஆக்கிவிட்டீர்கள்.

அதே பக்கத்தில் சர்ஃப் ராக்கின் முன்னோடியான அமெரிக்க கிதாரிஸ்ட் டிக் டேலின் படம் போட்டிருக்கிறீர்கள். வலது கையால் வாசிக்கிறார். அவர் இடது கைக்காரர். வலது கைக்காரர்களுக்குக் கட்டுகிற வரிசையிலேயே கம்பிகளை விட்டுவிட்டு, தடித்த கம்பி கீழே இருக்க, தலைகீழாக வாசித்தவர். பக்க வடிவமைப்புக்காகப் படத்தைத் திருப்பிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எப்படி உறுத்தும் தெரியுமா?

பெட்டிச் செய்தியில் இந்த இசையைத் தொடங்கி வைத்தவர்கள் பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழு என்று வேறு இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பால்போவாவில் ராண்டேவூ பால்ரூம் என்ற நடன அரங்கில், 1961 கோடையிலேயே டேல் வாசித்துக்கொண்டிருந்தார். டை கட்டாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஊர் நிர்வாகம் நிபந்தனை போட்டதாம். அலைச்சறுக்குப் பையன்களுக்கு டேல் தரப்பே டை கொடுத்து, வெறுங்காலோடு உள்ளே அனுப்பினார்கள். முதல் இரவு 17 பேர் என்பது டேலே பின்னாளில் சொன்ன கணக்கு. பிறகு அந்த அரங்கில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆடினார்கள். முதல் இசைத்தட்டுகளை வெளியிட்டது அவர் அப்பாவின் சொந்த நிறுவனமான டெல்டோன். பீச் பாய்ஸின் முதல் பாட்டு அந்த வருடக் கடைசியில்தான் வந்தது. அவர்கள் பெரிய கலைஞர்கள், மறுக்கவில்லை. முதலில் வந்தவர்கள் அவர்கள் இல்லை.

2019 மார்ச்சில் டேல் இறந்தபோதும் உங்கள் இதழ் "சினிமாப் பாட்டு கிதாரிஸ்ட்" என்றுதான் எழுதியது. அவருடைய 'மிசர்லூ' 1994-ல் ஒரு படத்தின் தொடக்கத்தில் ஒலித்தது உண்மை. அதைப் பதிவு செய்தது 1962-ல். கிரேக்கர், அரபிகள், துருக்கியர் எல்லோரும் பாடிய பழைய மெட்டு அது. டேலின் அப்பா வழி லெபனான். அந்த மெட்டின் சுரங்களைப் பிரித்துப் பார்த்தால் நம் மாயாமாளவகௌளை! நம் வீட்டுப் பிள்ளைகள் சரளி வரிசை பாட ஆரம்பிக்கிற ராகம். என் தங்கை மகள் தம்புராவோடு உட்கார்ந்து பாடும்போது எனக்கு ராண்டேவூதான் நினைவுக்கு வரும். இதை அன்றைக்கு நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். ஒரு வரிகூட வரவில்லை. நீங்கள் அதைப் படித்திருப்பீர்கள் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்தைப் பற்றி எழுதும்போதும் இதே கதைதான். 2013-ல் தொடங்கிய அலைச்சறுக்கு, இசை விழாவுக்கு வந்த பிரபலங்களின் பெயரெல்லாம் உங்கள் பக்கங்களில் வந்தது. தானாகவே அலைச்சறுக்கு பழகி, ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்த மீனவர் மூர்த்தி மேகவனுக்குக் கடைசிப் பத்தியில் அரை வரி. கடலில் பிறந்து வளர்ந்தவர் அவர். அவர் இல்லாமல் அங்கே விழா ஏது?

எங்கள் மூன்று பேரின் பெயரைப் போட வேண்டாம். நான் கேட்பது இரண்டே விஷயம். டிக் டேலின் படத்தை அடுத்த இதழில் சரியான பக்கமாகத் திருப்பிப் போடுங்கள். அதன் கீழே, அந்தச் சந்தையின் சர்ஃப் ராக் மாலை 2016 ஜனவரியில் கடை எண் 14-இன் மின்சாரத்தில் தொடங்கியது என்று ஒரு வரி. அந்த அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். இதழை நானே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகன்,
திருவான்மியூர், சென்னை – 41