டெம்மி பக்கம் கொள்ளும் லேப்டாப்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று லேப்டாப் படங்களையும் பார்த்தேன். "மூணுமே பெரிய ஸ்கிரீன்தான்மா, எது பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு, ஆர்டர் போட்டுடறேன்" என்று கேட்டிருந்தாய். ஒரு வார்த்தைதான் வேண்டுமென்றால், வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே. ஏன் வேண்டாம் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

முதலில் என் கண்ணைப் பற்றி. இரண்டு கண்ணிலும் புரை எடுத்த பிறகு பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் கடுகளவு எழுத்தும் தெரிகிறது. உன் தம்பிக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. "வயசானவங்களுக்கு எழுத்தைப் பெருசு பண்ணி வச்சா போதும், எந்த லேப்டாப்பா இருந்தா என்ன" என்கிறான். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் தொலைந்துபோகும் என்பது அவனுக்குத் தெரியாது. மெய்ப்புப் பார்ப்பது, அதாவது புத்தகம் அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கிற என் வேலை, எழுத்தைப் படிப்பது மட்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு பத்தியின் கடைசி வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டதா, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே வரியில் முடிகின்றனவா, பக்க எண் தவறியதா, உபதலைப்பு பக்கத்தின் அடியில் அனாதையாக நிற்கிறதா, இதெல்லாம் முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் பார்த்தால்தான் தெரியும். அதுவும் வாசகர் கையில் இருக்கப்போகிற அதே அளவில் பார்க்க வேண்டும். நான் ஸ்டீல் ஸ்கேலைத் திரைமேல் வைத்து அளந்துதான் பக்கத்தின் அளவைச் சரிசெய்துகொள்கிறேன். அப்பா சிரிப்பார். சிரிக்கட்டும்.

இப்போது உன் மூன்று லேப்டாப்புக்கு வருகிறேன். இரண்டு 17.3 அங்குலம், ஒன்று 16 அங்குலம். அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்தது. அதில் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று பெட்டியில் எவனும் பெரிதாக எழுதுவதில்லை. நான் கணக்குப் போட்டேன். அந்த 17.3 இரண்டும் 16:9 வடிவம், அதாவது அகலம் 16 பங்கென்றால் உயரம் 9 பங்கு. அகலம் 38.3 செ.மீ., உயரம் 21.5 செ.மீ. நீ கொஞ்சம் சின்னது என்று சொன்ன 16 அங்குலம் 16:10 வடிவம். அகலம் 34.5, உயரம் அதே 21.5! நம்ப முடியாமல் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அதே விடைதான். பெரியது என்று நீ காட்டியதும் சின்னது என்று நீ காட்டியதும் உயரத்தில் ஒன்றுதான். கூடுதலாகக் கிடைப்பது பக்கவாட்டில் 4 செ.மீ. சினிமா பார்ப்பவர்களுக்கு அது லாபம்.

எனக்கு வருகிற புத்தகங்களில் முக்கால்வாசி டெம்மி 1/8 என்கிற அளவு. அகலம் 14, உயரம் 21.5 செ.மீ. ஆகவே உன் மூன்றிலும் ஒரு டெம்மி பக்கம் தலையும் காலும் முட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். ஆனால் மேலே மெனு, கீழே டாஸ்க்பார் என்று அவற்றுக்கும் இடம் வேண்டுமே. பக்க எண்ணும் மேல்வரித் தலைப்பும் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அவைதான் அதிகம் பிழை வருகிற இடங்கள்.

எனக்கு வேண்டியது 18 அங்குலம், 16:10. அகலம் 38.8, உயரம் 24.2. இரண்டு டெம்மி பக்கத்தை உண்மையான அளவிலேயே எதிரெதிரே விரித்து வைத்தால் அகலத்தில் 28 போக 10 செ.மீ.க்கு மேல் மிச்சம். ஆசிரியரின் மூலப்படியை ஓரமாக ஒடுக்கி வைத்துக்கொள்ள அது போதும். உயரத்தில் 2.7 செ.மீ. மிஞ்சும். டாஸ்க்பாரை மறைத்துவிட்டால் தாராளம். 18 கிடைக்கவே இல்லையென்றால் 17 அங்குலம், 16:10. அதன் உயரம் 22.9. இறுக்கமாக இருக்கும், சமாளிப்பேன். "பதினேழுதானே" என்று 17.3-ஐ வாங்கி அனுப்பிவிடாதே. அந்தப் புள்ளி மூன்றுக்கு மயங்கினால் உயரத்தில் ஒரு செ.மீ.க்கு மேல் போய்விடும்.

அடுத்தது திரையின் புள்ளிகள். இங்கே எனக்கு இரண்டு புள்ளி இருக்கிறது: மெய்யெழுத்தின் தலையில் இருப்பது ஒன்று, திரையைக் கட்டியிருப்பது இன்னொன்று. இரண்டாவது போதாவிட்டால் முதலாவது தெரியாது.

இதை உனக்கு ஒரு உதாரணத்தோடு சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு கட்டுரைத் தொகுப்பு பார்த்தேன். 'தரம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'தாம்' என்று இருந்தது. ரகரத்துக்குப் பதில் துணைக்கால். இரண்டுமே சரியான தமிழ்ச் சொல், சொல்லை மட்டும் பார்க்கிற பிழைதிருத்தி மென்பொருள் வாயைத் திறக்காது. பல எழுத்துருக்களில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள வித்தியாசமே, அடியில் சாய்ந்து போகிற ஒரு சிறிய கோடுதான். ஓலைச்சுவடியில் அந்தக் கோடும் கிடையாது, மெய்க்குப் புள்ளியும் கிடையாது. பதிப்பித்தவர்கள் எப்படித் திண்டாடியிருப்பார்கள் என்று என் பழைய லேப்டாப் முன்னால் உட்காரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அது 17.3 அங்குலத்தில் 1920 × 1080, அதாவது குறுக்கே 1920 புள்ளி, மேலிருந்து கீழே 1080 புள்ளி. ஓர் அங்குலத்துக்கு 127 புள்ளிதான். 11 பாயின்ட் எழுத்தை உண்மையான அளவில் காட்டினால் உயரத்துக்கு 19 புள்ளி கிடைக்கும். அதற்குள் கொம்பும் சுழியும் காலும் புள்ளியும் அடங்க வேண்டும். 'தெ'யா 'தே'யா என்று பார்க்க மூக்கைத் திரையில் ஒட்ட வேண்டியிருந்தது. 'தென்' என்றாலும் சொல், 'தேன்' என்றாலும் சொல். ஆங்கிலம் படிப்பவர்களுக்கு இந்தத் திரை போதும் என்று ஒருவேளை சொல்லலாம். தமிழுக்குப் போதாது.

நீ அனுப்பிய 17.3 இரண்டும் அதே 1920 × 1080. விடுதலை ஆன சிறைக்கே திரும்பிப் போகச் சொல்கிறாய். 18 அங்குலத்தில் 2560 × 1600 என்றால் அங்குலத்துக்கு 168 புள்ளி, அதே எழுத்துக்கு 26 புள்ளி கிடைக்கும். 3840 × 2400 இருந்தால் 38. அது ஆடம்பரம்தான், ஆனால் என்னிடம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

அந்த 16 அங்குலம் ஓஎல்இடி வகைத் திரை. படம் பார்க்க அழகுதான். நான் நாள் முழுக்க வெள்ளைப் பக்கத்தையும் அசையாத டூல்பாரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். அந்த வகைத் திரையில் நகராமல் நிற்கிற உருவம் நாளடைவில் தழும்பாகப் படிந்துவிடலாம். போதாததற்கு, ஒளியைக் குறைத்தால் பலவற்றில் திரை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகிறது. சிலருக்குத் தலைவலி வரும். நான் அந்தச் சிலரில் ஒருத்தியா என்று சோதித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை. ஐபிஎஸ் வகைத் திரை போதும். கண்ணாடி மாதிரி பளபளக்காத மேட் திரையாக இருக்கட்டும். சன்னலும் என் முகமும் பக்கத்தின் மேல் தெரிந்தால் எரிச்சல். வெளிச்சம் 400 நிட்ஸ் இருந்தால் நல்லது. விவரப் பட்டியலில் '45% என்டிஎஸ்சி' என்று கண்டால் அடுத்ததற்குப் போய்விடு, நிறம் வெளுத்த மலிவான திரைக்கு அதுதான் அடையாளம். திரை நொடிக்கு 240 முறை புதுப்பிக்கிறது என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். என் பக்கம் ஓடுவதில்லை. 60 இருந்தாலே எதேஷ்டம்.

இனி நீ சண்டைக்கு வரப்போகிற இடம். 18 அங்குல லேப்டாப்கள் ஏறக்குறைய எல்லாமே கேம் ஆடுகிறவர்களுக்காகச் செய்தவை. பெரும்பாலும் 3 கிலோவைத் தாண்டும். சார்ஜர் தனியாக ஒரு செங்கல். "இந்த வயசுல எதுக்கும்மா கேமிங் லேப்டாப்" என்று நீ சிரிப்பது இங்கேயே கேட்கிறது. எனக்குத் திரைதான் வேண்டும், கிராபிக்ஸ் கார்டு கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது, என்ன செய்ய? இருப்பதில் சின்ன கார்டாகப் பார்த்து எடு. பெரிய கார்டு எடுத்தால் அதைக் குளிர்விக்கிற விசிறிச் சத்தத்தையும் சேர்த்து வாங்குகிறோம். நான் கணினியை உரக்கப் படிக்கவிட்டுத்தான் இரண்டாவது மெய்ப்புப் பார்க்கிறேன். முன்பு அப்பா மூலப்படியை வைத்துக்கொண்டு வாசிப்பார், இப்போது அவருக்குத் தொண்டை ஒத்துழைப்பதில்லை. விசிறி அலறினால் ஒற்று விழுந்ததா இல்லையா என்பது காதில் விழாது. உள்ளே இருக்கிற சாதாரண கிராபிக்ஸிலேயே ஓட்டும்படி அமைக்க முடிகிறதா என்று விசாரி. பலவற்றில் முடியும்.

தனி மானிட்டர் வாங்கிக்கொள்ளலாமே என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருந்தாய். நல்ல யோசனைதான். ஆனால் பகலில் சன்னலோரம், ராத்திரி அப்பா தூங்கியபின் அடுத்த அறை, முழங்கால் வலித்தால் கட்டில் என்று நான் இடம் மாறிக்கொண்டே இருக்கிறேன். உன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் இருக்கும்போதும் வேலை நிற்பதில்லை. 3 கிலோவை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் தூக்க என்னால் முடியும். விமானத்தில் என்னோடு வரலாமா என்று கேட்பாய். பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டாம். அதனால்தான் பெரிய லேப்டாப்கள் பல 99-இல் வந்து நிற்கின்றன. யூஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஆகுமா என்று மட்டும் பார். எழுத்து வேலைக்கு அதுவே தாங்கும், பயணத்தில் செங்கலை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

எடை உனக்கு உறுத்தலாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். எல்ஜி கிராம் 17 என்று ஒன்று 2019-இல் வந்தது, 17 அங்குலம், 2560 × 1600, எடை 1.34 கிலோதான். அந்த வரிசையில் இப்போது வருவதையும் பார். ஆனால் அந்த மாதிரி மெல்லிய லேப்டாப்களில் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். 'எல்பிடிடிஆர்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் பிறகு கூட்ட முடியாது என்று எடுத்துக்கொள். எனக்கு 32 ஜிபி வேண்டும், இரண்டு 16 ஆக, கழற்றி மாட்டுகிற ஸ்லாட்டில். 600 பக்க அகராதி ஒன்றையும் அதன் பழைய பதிப்பின் ஸ்கேனையும் சேர்த்துத் திறந்தபோது பழைய லேப்டாப் மூச்சுவாங்கி நின்றதை நீயே பார்த்திருக்கிறாய். சேமிப்புக்கு எஸ்எஸ்டி 1 டிபி போதும், இன்னொன்று சொருக இடம் இருக்கட்டும். பிராசஸர் எதுவானாலும் சரி. இந்த அளவு லேப்டாப்பில் எது வந்தாலும் என் வேலைக்கு மிகுதிதான்.

கீபோர்டில் ஒரு குறை உண்டு. பெரிய லேப்டாப் என்றாலே வலது பக்கம் எண்களுக்கென்று தனிப் பட்டை வைத்துவிடுகிறார்கள். அதனால் எழுத்துகள் எல்லாம் இடது பக்கம் ஒதுங்கும், நானும் ஒருக்களித்து உட்கார வேண்டும், சாயங்காலம் தோள் பேசும். ரேசர் பிளேட் 18 மாதிரி ஒன்றிரண்டில்தான் அந்தப் பட்டை இல்லை. ஃபிரேம்வொர்க் 16-இல் கீபோர்டையே நடுவுக்கு நகர்த்திக்கொள்ளலாம், அந்த யோசனையைச் செய்தவர் கையைக் குலுக்க வேண்டும், ஆனால் அது 16 அங்குலம். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கிறேன். மேசையில் தனி கீபோர்டு வைத்துக்கொள்வேன். தமிழ்99 தட்டச்சு முறை விரலுக்குப் பழகிவிட்டதால் சாவியில் எழுத்து பொறித்திருக்கிறதா என்று நீ தேடவேண்டாம்.

பழைய லேப்டாப் எப்படிப் போனது என்று தம்பி உன்னிடம் சொல்லியிருக்கமாட்டான். திரையோ மதர்போர்டோ போகவில்லை, கீல்தான் போனது. பெரிய மூடி கனம் அதிகம். நான் தினமும் வலது மூலையைப் பிடித்துத்தான் திறந்துகொண்டிருந்தேன். ஒருநாள் 'டக்' என்றது. கீலின் திருகு இறங்கியிருந்த பிளாஸ்டிக் அப்படியே பிய்ந்துவிட்டது. பழுதுபார்க்கிறவர் கழற்றிக் காட்டியபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இனிமேல் நடுவில் பிடித்துத் திறப்பேன். நீ நேரில் பார்த்து வாங்குவதானால் மூடியை நாலு தரம் திறந்து மூடிப் பார், திரை ஓரம் நெளிந்தால் வேண்டாம்.

வாங்குமுன் மாடலின் முழு எண்ணையும் எனக்கு அனுப்பு. ஒரே பெயரில் நாலு வகைத் திரை வைத்து விற்கிறார்கள், கடைசி இரண்டு எழுத்தில்தான் வித்தியாசம் இருக்கும். கடைசி இரண்டு எழுத்தைப் பார்ப்பதுதானே என் தொழில்.

ஒரு அட்டையை 38.8-க்கு 24.2 வெட்டி மேசையில் நிறுத்தி வைத்திருக்கிறேன், உட்கார்ந்து பார்த்தால் கழுத்துக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. கீழே நாலு விரற்கடை உயர்த்த வேண்டும் போலிருக்கிறது. அப்பா அதில் இரண்டு பழைய டெம்மி பக்கங்களை ஒட்டிவிட்டு, "புது லேப்டாப் வந்தாச்சு, படி" என்றார். வலப்பக்கத்தில் ஐந்தாவது வரியில் ஒற்று மிகுந்திருந்தது.

அன்புடன்,
அம்மா