ஊசிக்கு முன் பெரிட்டின்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகளுக்கு,

மெல்பேர்னிலிருந்து நீ அனுப்பிய குருதிப் பரிசோதனை முடிவை மூன்று தரம் வாசித்தேன். ஈமோகுளோபின் லீற்றருக்கு 106 கிராம், டெசிலீற்றரில் பார்க்கும் எங்கள் கணக்கில் 10.6; உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் 8. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் குறைந்தாலே குருதிச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரிட்டின் 15க்கும் கீழே போயிருப்பதால் உன் உடலின் இரும்புச் சேமிப்பே வற்றிவிட்டது. இந்த நிலையில், களைப்பும் முழங்கால் நோவும் தீர பிபிசி-157 (BPC-157) என்னும் பெப்டைட் ஊசியை, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலியை மருந்தென்று விற்கும் ஊசியை, போடலாமா என்று கேட்கிறாய். கேட்டாயே, அதுவே பெரிய ஆறுதல்.

அதன் நன்மைகளாகச் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை எலிகளில் கண்டவை. அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் அதை அங்கீகரிக்கவில்லை. விளையாட்டு வீரர்களுக்கு அது 2022 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று ஒட்டி விற்கும் குப்பிக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, கிருமி நீக்கப்பட்டதா என்பதற்கெல்லாம் யார் பொறுப்பு? பெப்டைட் என்றாலே நான் பயப்படுகிறேன் என்று நினையாதே. இன்சுலினும் பெப்டைட்தான், உன் அப்பா அதைத் தினமும் போடுகிறார்.

உன் இரும்பைக் காவல் காப்பதும் ஒரு பெப்டைட்தான். ஈரல் சுரக்கும் ஹெப்சிடின், வெறும் 25 அமினோ அமிலங்கள் கொண்டது, குடலிலிருந்து இரும்பு குருதிக்குள் செல்லும் வாசலை அடைக்கிறது. இரும்பு மாத்திரை விழுங்கியதும் அது உயர்ந்து, மறுநாள் எடுக்கும் மாத்திரையின் உறிஞ்சலைக் குறைத்துவிடும் என்பதால், ஒன்றுவிட்டொரு நாள் எடுக்கச் சில வைத்தியர்கள் சொல்கிறார்கள். உனக்கு எது பொருந்தும் என்று கேட்டுக்கொள். மாத்திரையோடு தேநீர் குடிக்காதே; இந்த ஒரு பழக்கத்தில் நீ என் மகளேதான்.

எனக்கு நாற்பது வயதில் வந்த களைப்பை வேலைக்களைப்பு என்று நம்பி, ஒரு வருடம் டொனிக் குடித்தே கழித்தேன். கடைசியில் பார்த்தால் கருப்பையில் கட்டி, மாதந்தோறும் அளவுக்கு மீறிய உதிரப்போக்கு. ஆகவே இரும்பு எங்கே போகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்கச் சொல்: மாதவிடாயா, குடலில் கசிவா, உணவில் குறைவா. எடை குறைக்க செமாகுளுடைட் போன்ற, அங்கீகாரம் பெற்ற பெப்டைட் ஊசியை வைத்தியர் தந்தாலும் பசி குறைந்து இறைச்சியும் பருப்பும் கீரையும் தட்டிலிருந்து குறையும். குருதிச்சோகை இருப்பதை அவரிடம் மறைக்காமல் சொல்.

குப்பியை இன்னும் வாங்கவில்லையென்றால் வாங்காதே. வாங்கியிருந்தால் திறக்காமல் உன் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டு. அடுத்த பெரிட்டின் முடிவு வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா